பேச வேண்டியவள் பேசாத அத்தியாயம்

1816 ஜூலை 18 அன்று ஜேன் ஆஸ்டின் தன் நாவலின் கடைசித் தாளில் 'முற்றும்' என்று எழுதித் தேதியும் போட்டார். முந்தைய வருடம் ஆகஸ்டில் தொடங்கிய வேலை. கிட்டத்தட்ட ஒரு வருடம். எழுதுகிறவர்களுக்குத் தெரியும், அந்த ஒரு சொல்லைப் போட்ட பிறகு கொஞ்ச நாளைக்கு அந்தக் கட்டைத் திரும்பிப் பார்க்கவே மனசு வராது. ஆனால் ஆஸ்டினுக்குக் கடைசிப் பகுதி சப்பென்று இருப்பதாகப் பட்டிருக்கிறது. சோர்ந்துபோய்ப் படுக்கப் போனார், மறுநாள் காலை வேறு தெம்போடு எழுந்தார் என்று அவருடைய அண்ணன் மகன் ஜேம்ஸ் எட்வர்ட் பல வருடங்கள் கழித்து எழுதிய அத்தையின் வாழ்க்கை வரலாற்றில் சொல்கிறார். குடும்பக் கதைகளில் இந்த மாதிரி 'மறுநாள் காலை'கள் நிறைய இருக்கும், அதை அப்படியே விட்டுவிடலாம். எப்படியானாலும் ஆகஸ்ட் 6க்குள் வேலை முடிந்துவிட்டது. ஒரு அத்தியாயம் தூக்கி எறியப்பட்டு, அந்த இடத்தில் புதிதாக எழுதப்பட்ட பக்கங்கள் வந்து உட்கார்ந்தன. அந்த நாவல்தான் 'பெர்சுவேஷன்'.

தூக்கி எறியப்பட்டது என்றேனே, உண்மையில் அந்தத் தாள்கள் அழியவில்லை. இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. ஆஸ்டின் முடித்து அச்சேறிய ஆறு நாவல்களில் எதற்கும் கைப்பிரதி மிஞ்சவில்லை. மிஞ்சியது இந்தக் கழித்துப்போட்ட பகுதி மட்டும். காதல் கதை எழுதுகிற யாராவது 'எப்படித் திருத்துறது?' என்று கேட்டால் நான் எந்த எழுத்துப் பட்டறைக்கும் அனுப்ப மாட்டேன். இந்த இரண்டு வடிவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கச் சொல்வேன். இரண்டுமே இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. ஆன் எலியட்டுக்குப் பத்தொன்பது வயதில் வென்ட்வொர்த் என்ற கடற்படைக்காரன் மீது காதல். நிச்சயமும் செய்துகொள்கிறார்கள். அவனிடம் பணமில்லை, பின்னணியில்லை. அம்மா இல்லாத ஆனுக்கு அம்மா ஸ்தானத்தில் இருக்கும் லேடி ரஸ்ஸல், 'இது உனக்கு வேண்டாம்மா' என்று எடுத்துச் சொல்ல, அவள் நிச்சயத்தை முறித்துக்கொள்கிறாள். எட்டு வருடம் ஓடுகிறது. அவளுக்கு இருபத்தேழு, முகம் வாடிவிட்டது. அவனோ போரில் எதிரிக் கப்பல்களைப் பிடித்து இருபத்தைந்தாயிரம் பவுண்டு சேர்த்துவிட்ட கேப்டனாகத் திரும்பி வருகிறான். கோபம் தீரவில்லை. அவன் அக்கா புருஷன் அட்மிரல் கிராஃப்ட், கடனில் மூழ்கிய எலியட் குடும்பத்தின் கெல்லிஞ்ச் மாளிகையையே வாடகைக்கு எடுத்திருக்கிறார். அதனால் இவர்கள் இருவரும் ஒரே கூடத்தில், ஒரே மேசையில், திரும்பத் திரும்பப் பக்கத்தில் உட்கார வேண்டியிருக்கிறது, பேச முடியாமல்.

இவர்கள் சேர்வார்கள் என்று வாசகருக்கு எப்போது தெரியும்? பத்துப் பதினைந்து பக்கம் தாண்டுவதற்குள் தெரிந்துவிடும். காதல் நாவலின் விசேஷமே அதுதான். நம்மூரில் ரமணிசந்திரன் நாவல் வாசித்தவர்கள் யாரும் 'சேருவாங்களா?' என்ற பதற்றத்தில் வாசித்ததில்லை. எப்படிச் சேர்கிறார்கள் என்பதற்காக வாசித்தார்கள். இலக்கியத் தீவிரம் பிடித்த நண்பர்கள் இதையே இந்த வகைமையின் பலவீனமாகச் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முடிவு முன்னாடியே தெரிந்த கதையில் எழுத்தாளருக்கு ஒளிந்துகொள்ள இடமில்லை. துப்பறியும் கதையில் ஒரு மந்தமான அத்தியாயத்தைக் 'கொலையாளி யார்' என்ற கேள்வி தாங்கிக்கொள்ளும். காதல் நாவலில் அதற்கு வழியே கிடையாது. இரண்டு பேர் வாய் திறந்து சொல்லிக்கொள்ளும் அந்த இடம் சரியில்லை என்றால், முந்தைய இருநூறு பக்கமும் வீண்.

சரி, முதலில் எழுதியதில் ஆஸ்டின் என்ன செய்திருந்தார்?

பாத் நகரத்துத் தெருவில் ஆன் நடந்து போகிறாள். எதிரில் அட்மிரல். வீட்டுக்குள் வா வா என்று விடாமல் கூப்பிடுகிறார். உள்ளே போனால் வென்ட்வொர்த் உட்கார்ந்திருக்கிறான். அட்மிரல் அவனை மட்டும் வெளியே கூட்டிப்போய் ஏதோ சொல்கிறார். அவருக்கோ மெதுவாகப் பேச வராது. அறைக்குள் இருக்கும் ஆனின் காதில் துண்டு துண்டாக விழுகிறது, நடுநடுவே தன் பெயரும். பிறகு வென்ட்வொர்த் உள்ளே வந்து, ஜன்னலோரம் சற்று நேரம் நின்று, தட்டுத்தடுமாறி ஒரு கேள்வி கேட்கிறான். கேள்வி என்ன தெரியுமா? ஆன் தன் உறவினர் மிஸ்டர் எலியட்டைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாக ஊரில் பேச்சு. அப்படியானால் புதுத் தம்பதிக்குக் கெல்லிஞ்ச் வீடு தேவைப்படுமா, அட்மிரல் வாடகை ஒப்பந்தத்தை விட்டுக்கொடுத்துவிடட்டுமா? அவள், அந்தப் பேச்சில் உண்மையே இல்லை என்கிறாள். ஒரு பார்வை. கை பற்றல். முடிந்தது.

இது மோசமான அத்தியாயம் என்று நான் சொல்ல மாட்டேன். அட்மிரலின் வெள்ளந்தித்தனம் சிரிப்பு மூட்டுகிறது. காதலியிடம் வீட்டு வாடகை பற்றி விசாரிக்க வேண்டிய ஆண்மகனின் அவஸ்தை நல்ல நகைச்சுவை. இன்றைக்கு ஒரு தொடரில் இதை எழுதிப் போட்டால் 'செம எபி சகோ, கண்ணு கலங்கிடுச்சு' என்று நூறு பேர் சொல்வார்கள், பொய்யாகவும் சொல்ல மாட்டார்கள். ஆஸ்டின் வேறு யாரையும் திருப்திப்படுத்த வேண்டியிருக்கவில்லை. அந்த நேரத்தில் யாரும் அவரிடம் 'இது சரியில்ல' என்று சொன்னதற்கும் அடையாளம் இல்லை.

எனக்குப் படுகிற கோளாறு இது: எட்டு வருடத்துக்கு முன்னால் இந்தக் காதல் முறிந்தது மூன்றாவது ஆள் ஒருவர் பேசியதால். இப்போது அது கூடுவதும் மூன்றாவது ஆள் ஒருவர் பேசச் சொன்னதால். லேடி ரஸ்ஸலின் இடத்தில் அட்மிரல் கிராஃப்ட். ஆன் செய்ய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று, கேட்ட கேள்விக்கு 'இல்லை' என்று பதில் சொல்வது. பத்தொன்பதில் அவள் எவ்வளவு பேசினாளோ அதைவிட ஒரு வார்த்தை கூடுதலாக இருபத்தேழில் பேசவில்லை. அப்படியென்றால் அந்த எட்டு வருடம் எதற்கு? அவள் முகம் வாடியதற்கு என்ன அர்த்தம்?

திருத்திய வடிவத்துக்கு வாருங்கள். ஒயிட் ஹார்ட் என்ற விடுதி அறை, நிறைய ஆட்கள். ஒரு மூலையில் வென்ட்வொர்த் மேசையில் உட்கார்ந்து கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறான். ஜன்னலோரம் கேப்டன் ஹார்வில், ஆன் எலியட்டைக் கூப்பிட்டு ஒரு சின்ன ஓவியத்தைக் காட்டுகிறான். அவன் நண்பன் பென்விக்கின் படம் அது. செத்துப்போன ஹார்வில்லின் தங்கைக்காக வரையப்பட்டது. பென்விக் அவளை மறந்து இன்னொருத்தியை நிச்சயம் செய்துகொண்டுவிட்டான். அந்தப் புதுப்பெண்ணுக்காக இந்தப் படத்துக்குச் சட்டம் போட வேண்டும். அந்த வேலையைச் செய்யத் தன்னால் முடியாது என்று ஹார்வில் சொல்ல, அவனுக்காக வென்ட்வொர்த்தான் அந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டிருக்கிறான். இந்த இடத்திலிருந்து பேச்சு மெல்ல நகர்கிறது. யார் சீக்கிரம் மறப்பவர்கள், ஆணா பெண்ணா? ஹார்வில் புத்தகங்களைச் சாட்சிக்கு இழுக்கிறான். ஆன் புத்தகச் சாட்சியை ஏற்க மறுக்கிறாள், ஏனென்றால் பேனா இத்தனை காலமும் ஆண்கள் கையில் இருந்திருக்கிறது. இதற்குச் சற்று முன்னால்தான் பக்கத்தில் வென்ட்வொர்த்தின் பேனா கீழே விழுகிற சத்தம் கேட்டிருக்கிறது. நாம் நினைத்ததைவிட அவன் கிட்டத்தில் உட்கார்ந்திருக்கிறான்.

பேனா ஆண்களிடம் இருக்கிறது என்று அவள் சொல்வதற்குச் சற்று முன் ஓர் ஆணின் கையிலிருந்து பேனா நழுவுவதைப் பற்றி எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். நான் வேறொன்றைச் சொல்ல வேண்டும். ஒட்டுக்கேட்கும் ஆள் மாறிவிட்டார். கழித்த அத்தியாயத்தில் ஆண்கள் பேசுகிறார்கள், ஆன் கேட்கிறாள். புதியதில் ஆன் பேசுகிறாள், அவன் கேட்கிறான். நம்பிக்கை செத்த பிறகும் நேசித்துக்கொண்டிருக்க முடிகிறது, அந்தத் துரதிர்ஷ்டமான சலுகை பெண்களுக்குத்தான் என்று அவள் சொல்வது ஹார்வில்லிடம். அறையில் அது போய்ச் சேருகிற இடம் வேறு. அவள் தெரிந்தே சொன்னாளா? ஆஸ்டின் அதை முழுக்க அவிழ்ப்பதில்லை. அவன் அங்கேயே, அதே மேசையில், இன்னொருவருடைய கடிதத்துக்குக் கீழே மறைத்து அவளுக்கு ஒரு கடிதம் எழுதுகிறான். வெளியே போனவன் கையுறையை மறந்துவிட்டதாகச் சொல்லித் திரும்பி வந்து கடிதத்தை அவள் பார்வைக்கு வைத்துவிட்டுப் போகிறான். அவள் பேசிவிட்டாள், அவன் எழுதிவிட்டான். யாரும் யாருக்காகவும் தூது போகவில்லை.

திருத்தம் என்றால் வசனத்தை மெருகேற்றுவது என்று நினைப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இன்னொன்று இருக்கிறது. இந்த ஒரு உரையாடலை நடத்த ஆஸ்டின் ஒரு கூட்டத்தையே ஊர் பெயர்த்துக் கொண்டுவர வேண்டியிருந்தது. முதல் வடிவத்தில் மஸ்க்ரோவ் குடும்பம் பாத் நகருக்கு வருவதே இல்லை. ஹார்வில்லும் இல்லை. இப்போது ஹென்ரியட்டாவின் கல்யாணத் துணி எடுக்க என்று ஒரு காரணம் சொல்லி எல்லோரையும் வண்டியேற்றி விடுதியில் இறக்குகிறார். கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்கக் குடும்பத்தோடு கிளம்புவது நமக்கு விளக்கம் தேவைப்படாத காரணம்! மஸ்க்ரோவ் வீட்டுப் பிள்ளை சார்லஸ் துப்பாக்கிக் கடைக்குப் போக வேண்டும் என்று நினைப்பதும் அப்படியே. அவன் தொலைந்தால்தான் காதலர்கள் தனியாக நடக்க முடியும். ஒரு பெண் பத்து வரி பேசுவதற்காக அரை டஜன் ஆட்களின் பயணமும், ஒரு கல்யாணமும், ஒரு துப்பாக்கியும். வாசிக்கும்போது இதில் எதுவும் துருத்திக்கொண்டு நிற்பதில்லை. அதற்கடுத்த இறுதி அத்தியாயத்தை ஆஸ்டின் அதிகம் தொடவில்லை. கோளாறு எங்கே இருந்ததோ அங்கே மட்டும் கை வைத்திருக்கிறார்.

இப்போது கருத்துக் கேட்கிற விஷயத்துக்கு வருகிறேன். ஆஸ்டின் யாருடைய கருத்தையும் கேட்காத தனிமை மேதை என்று ஒரு பிம்பம் உண்டு. அது சரியில்லை. 'மான்ஸ்ஃபீல்ட் பார்க்' வந்தபோதும் 'எம்மா' வந்தபோதும், வீட்டாரும் தெரிந்தவர்களும் என்ன சொன்னார்கள் என்று ஒவ்வொருவராகப் பெயர் போட்டு எழுதிவைத்திருக்கிறார். வாசிக்க அவ்வளவு வேடிக்கை. 'மான்ஸ்ஃபீல்ட் பார்க்' நாயகி ஃபேனி அவருடைய அம்மாவுக்கே உப்புச்சப்பில்லாதவளாகப் பட்டிருக்கிறாள். அண்ணன் மகள் அன்னாவுக்கு ஃபேனியைச் சகிக்கவே முடியவில்லை. மிஸ்டர் ஃபௌல் என்பவர் 'எம்மா' நாவலின் முதல் அத்தியாயத்தையும் கடைசி அத்தியாயத்தையும் மட்டும் படித்தாராம், ஏனென்றால் அது சுவாரஸ்யமில்லை என்று யாரோ சொல்லியிருந்தார்கள். இருநூறு வருடத்துக்கு முந்தைய ஒற்றை நட்சத்திர விமர்சகர். இவை எல்லாவற்றையும் ஒரு வார்த்தை பதில் சொல்லாமல் பதிவு செய்துகொண்டார் ஆஸ்டின், அவ்வளவுதான்.

இளவரசரின் நூலகர் ஜேம்ஸ் ஸ்டேனியர் கிளார்க் ஒரு படி மேலே போனார். பாதிரியார் ஒருவரை வைத்து எழுதுங்கள் என்றார். அந்தப் பாதிரியார் கிளார்க்கையே கொஞ்சம் உரித்துவைத்திருப்பார் போலத் தெரிந்தது. பிறகு 1816 வசந்தத்தில், ஸேக்ஸ்-கோபர்க் அரச வம்சத்தை வைத்துச் சரித்திரக் காதல் ஒன்று எழுதலாமே என்றார். என் உயிரைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்றால் ஒழிய அப்படியொன்றை உட்கார்ந்து எழுத என்னால் ஆகாது என்ற அர்த்தத்தில் மரியாதையாகப் பதில் போட்டார் ஆஸ்டின். வந்த யோசனைகளையெல்லாம் சேர்த்து 'ஒரு நாவலுக்கான திட்டம்' என்று கிண்டலாக ஒன்று எழுதியும் வைத்தார். அந்த மாதங்களில் அவர் மேசையில் இருந்தது 'பெர்சுவேஷன்'.

இதற்கு நேர் எதிர்த் திசையில் டிக்கன்ஸ். 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' காதல் நாவல் வகைமையில் வராது, ஆனால் பிப்புக்கு எஸ்டெல்லா மீதிருக்கும் தீராத ஏக்கம்தான் அதன் முதுகெலும்பு. 1861 ஜூனில் முடித்துவிட்டு, சக நாவலாசிரியர் புல்வர்-லிட்டனிடம் கடைசிப் பகுதியின் அச்சுப்படிகளைக் கொடுத்தார் டிக்கன்ஸ். முதலில் எழுதிய முடிவில், லண்டன் தெருவில் வண்டியிலிருக்கும் எஸ்டெல்லா பிப்பைக் கூப்பிடுகிறாள். முதல் கணவன் இறந்து, ஒரு மருத்துவரை மறுமணம் செய்திருக்கிறாள். பிப்போடு நிற்கும் சிறுவன் அவனுடைய மகன் என்று நினைத்துக்கொள்கிறாள். அது ஜோவின் பிள்ளை. பிப் அவளைத் திருத்துவதில்லை. கை குலுக்கிப் பிரிகிறார்கள். லிட்டன் இதை மாற்றச் சொல்லி வற்புறுத்தினார். அவர் சொன்ன காரணங்கள் டிக்கன்ஸுக்கு நியாயமாகப் பட்டன, மாற்றிவிட்டார். அச்சான நாவலில் இருவரும் இடிந்த வீட்டுத் தோட்டத்தில் சந்தித்து, மூடுபனி விலக, கைகோத்து வெளியேறுகிறார்கள். பழைய முடிவு 1874இல் நண்பர் ஃபார்ஸ்டர் தன் டிக்கன்ஸ் வரலாற்றில் வெளியிட்ட பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது. அவருக்கும் அதுவே பிடித்திருந்தது. பிற்பாடு பெர்னார்ட் ஷா பழைய முடிவைக் கொண்டே ஒரு பதிப்பை வெளிவரச் செய்தார்.

நானும் அந்தக் கட்சிதான். சோக முடிவு எப்போதும் உசத்தி என்ற எண்ணமெல்லாம் எனக்கு இல்லை. பழைய முடிவில் ஒரு காரியம் நடக்கிறது: குழந்தை யாருடையது என்ற தவறான எண்ணத்தை பிப் அப்படியே விட்டுவிடுகிறான். ஒன்றும் சொல்லாமல் இருந்தே அவளுக்கு ஏதோ ஒன்றைக் கொடுத்துவிடுகிறான். புதிய முடிவில் இருவரும் நிறையப் பேசுகிறார்கள், வர்ணனை இன்னும் அழகு, ஆனால் அவர்களைச் சந்திக்க வைப்பது தற்செயல். கடைசி வரியில் டிக்கன்ஸுக்கே முழுத் திருப்தி இருந்ததாகத் தெரியவில்லை. 1862 பதிப்பில் அதையும் மாற்றினார். சேர்ந்தார்களா இல்லையா என்று இன்றுவரை சண்டை போடும்படியாக அந்த வரி நிற்கிறது. லிட்டன் மாற்றச் சொன்னது விதியை. விதியை மாற்றிய டிக்கன்ஸ், அதை முழு மனதோடு எழுத முடியாமல் கடைசி வரியில் மங்கலாக்கிவிட்டார் என்றே நான் வாசிக்கிறேன். (லிட்டனுடைய நாவல்தான் அதே பத்திரிகையில் அடுத்த தொடராக வந்தது என்பது உபரித் தகவல்.)

ஆக, எழுத்தாளர் இன்னொரு எழுத்தாளருக்கு எதைத்தான் சொல்லலாம்? இதற்கு ஆஸ்டினே ஒரு விடை வைத்திருக்கிறார். ஃபேனியைச் சகிக்க முடியாத அதே அன்னா 1814இல் ஒரு நாவல் எழுதிக்கொண்டிருந்தாள். அப்போது அவளுக்கு இருபத்தொன்று, தானும் கல்யாணத்துக்கு நிச்சயமானவள். எழுத எழுத அத்தைக்கு அனுப்புவாள். அத்தை அதைப் படித்துப் பதில் எழுதுவார். அந்தக் கடிதங்கள் இருக்கின்றன.

முதலில் கண்ணில் படுவது அந்தக் கடிதங்களின் பிரியம். ரசித்தேன், சிரித்தோம், இந்த ஆள் நன்றாக வந்திருக்கிறான் என்று தாராளமாகச் சொல்கிறார். அதோடு சேர்த்தே கத்தரிக்கோலும் வருகிறது. எவ்வளவு சின்னச் சின்ன விஷயங்கள் பாருங்கள். டாலிஷ் ஊரில் இருப்பவர்கள் லைம் பற்றிப் பேச மாட்டார்கள், இரண்டுக்கும் நாற்பது மைல், அதனால் பக்கத்து ஊர் ஸ்டார்க்ராஸ் என்று மாற்றிவிட்டேன். பாத்திரங்கள் அயர்லாந்து போனால் போகட்டும், நீ கூடப் போகாதே, அங்கத்துப் பழக்கவழக்கம் உனக்குத் தெரியாது. இடங்களை வர்ணிக்கும்போது வலப்பக்கம் இது இடப்பக்கம் இது என்று அளவுக்கு மீறிச் சொல்கிறாய். ஒருவன் கேளிக்கைச் சுழலில் விழுந்தான் என்று எழுதாதே. அந்தச் சம்பவத்தில் அவருக்கு ஆட்சேபம் இல்லை, சொல்லைத்தான் பொறுக்க முடியவில்லை. ஆதாம் படித்த முதல் நாவலிலேயே இருந்திருக்கும் அளவுக்குத் தேய்ந்த சொல்லாம் அது.

எனக்கு ரொம்பப் பிடித்தது சர் தாமஸின் கை. அன்னாவின் கதையில் அவர் கையை முறித்துக்கொண்ட மறுநாளே மற்ற ஆண்களோடு லாயம் வரை நடந்து போகிறார். அத்தை அதை அடித்துவிட்டார். இத்தனைக்கும் அன்னாவின் சொந்த அப்பாவே கையைக் கட்டிய கையோடு வெளியே நடந்தவர்தானாம். அது ஜேனுக்குத் தெரியும், கடிதத்திலும் சொல்கிறார். நிஜத்தில் நடந்திருக்கலாம், ஆனாலும் புத்தகத்தில் இயல்பாகத் தெரியாது என்பது அவர் கட்சி. 'இது உண்மையில நடந்ததுங்க' என்று வாதாடும் ஒவ்வொரு புது எழுத்தாளருக்கும் இதைவிடக் கச்சிதமான பதிலை நான் பார்த்ததில்லை.

இன்னொன்று, கொஞ்சம் ஆழமானது. மிஸஸ் எஃப் என்ற விவேகமான பெண்மணி, வளர்ந்துவரும் இரண்டு பெண்களைக் கூட்டிக்கொண்டு, நல்ல பெயர் இல்லாத ஓர் ஆணைத் தவிர வேறு யாரையும் தெரியாத ஊரில் போய்க் குடியேறுகிறாள். அவ்வளவு விவேகமானவள் இப்படிச் செய்ய மாட்டாளே, அங்கே போக அவளுக்கு வேறு ஏதாவது காரணம் கொடு என்கிறார் அத்தை. ஹென்ரியட்டாவின் ஜவுளிப் பயணம் ஞாபகம் வருகிறதா? இரண்டு வருடம் கழித்துத் தன் நாவலில் ஆட்களை ஊர் பெயர்த்தபோது ஆஸ்டின் தனக்கே கேட்டுக்கொண்டதும் இதே கேள்வியாகத்தான் இருக்க வேண்டும்.

அந்தக் கடிதங்களில் யார் யாரைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று ஆஸ்டின் உத்தரவு போடுவதில்லை. கதை அன்னாவுடையது. அத்தை சொல்வதெல்லாம், 'இந்த இடத்துல நான் நம்பல' என்பதுதான்.

போன வருடம் ஒரு தோழி தன் காதல் நாவலின் வரைவை அனுப்பினாள். எனக்கு முன்னால் ஆறு பேர் படித்திருந்தார்கள், நாலு பேர் எழுதுகிறவர்கள். அவள் எல்லோரிடமும் கேட்டிருந்த கேள்வி, 'ரெண்டு பேரையும் சேர்த்து வைக்கட்டுமா, பிரிச்சுடட்டுமா?' ஓட்டு மூன்றுக்கு மூன்று. என்னை ஏழாவது ஓட்டாக நினைத்து அனுப்பியிருக்கிறாள். நான் ஓட்டுப் போடவில்லை. மதுரையில் சாயங்காலம் ஆறு மணிக்குப் பேருந்து ஏறும் நாயகி, சென்னையில் இரவு ஒன்பதரைக்கு அவன் வீட்டுக் கதவைத் தட்டுகிறாள், அதைக் குறித்தேன். 'நெஞ்சம் படபடத்தது' பதினோரு இடத்தில் வந்தது, அதைக் குறித்தேன். கடைசியில் அவனுடைய அத்தை வந்து இரண்டு பேருக்கும் புத்தி சொல்லிச் சேர்த்து வைக்கிறாள். அந்த ஓரத்தில், 'இவ எப்ப வாயத் திறப்பா?' என்று எழுதினேன். பேருந்தையும் படபடப்பையும் உடனே சரி செய்துவிட்டாள். அத்தை விஷயத்தில் பிடி கொடுக்கவில்லை. 'எங்க ஊர்ல அத்தை சொல்லாம ஒண்ணும் நடக்காதுடி' என்றாள். அது பதில்தான். அத்தை இன்னும் நாவலில் இருக்கிறாள், ஆனால் புது வரைவில் அத்தை வருவதற்கு முந்தின இரவு நாயகி தானாக ஒரு போன் செய்கிறாள். எனக்கு அது போதவில்லை. அவளுக்குப் போதும்.

இந்த இடத்தில் 'பெர்சுவேஷன்' என்ற தலைப்பு வேறு மாதிரி ஒலிக்கிறது. அடுத்தவர் சொல்லைக் கேட்டு நடந்த ஒருத்தியின் கதை அது. இறுதியில் ஆன் அந்தப் பழைய முடிவை மறுபடி எடுத்துப் பார்க்கிறாள். லேடி ரஸ்ஸல் சொன்ன யோசனை தவறு, இன்னொரு பெண்ணுக்கு நான் அப்படிச் சொல்ல மாட்டேன் என்கிறாள். அதே மூச்சில், அன்றைக்கு அதற்குக் கட்டுப்பட்டது சரிதான் என்றும் சொல்கிறாள். எனக்கு இது எத்தனை முறை வாசித்தாலும் உறுத்துகிறது. எட்டு வருடத்தைத் தின்றுவிட்ட அறிவுரைக்கு இவ்வளவு நாகரிகமாகக் கணக்குத் தீர்க்க முடியுமா? வென்ட்வொர்த்தே அதை அவ்வளவு லேசில் ஏற்பதில்லை, லேடி ரஸ்ஸலை மன்னிக்க இன்னும் கொஞ்ச நாளாகும் என்கிறான். நான் அவன் பக்கம்.

ஆஸ்டின் திருத்திய பிரதியை உடனே அச்சுக்குக் கொடுக்கவில்லை. 1817 மார்ச்சில் இன்னொரு அண்ணன் மகளுக்கு எழுதும்போது, வெளியிடத் தயாராக ஒன்று இருக்கிறது, வர இன்னும் ஒரு வருடம் ஆகலாம் என்கிறார். அந்த ஜூலை 18 அன்று இறந்துபோனார். முதல் 'முற்றும்' போட்டுச் சரியாக ஒரு வருடம். புத்தகம் டிசம்பரில் வந்தது.

அன்னாவின் நாவலுக்குப் 'நாயகி யார்?' என்று பெயர். அத்தையின் சாவுக்குப் பிறகு அவளால் அதைத் தொடர்ந்து முடிக்க முடியவில்லை. கல்யாணம், வரிசையாகக் குழந்தைகள். சில வருடங்கள் கழித்து அந்தக் கைப்பிரதியை நெருப்பில் போட்டுவிட்டாள். கடிதங்களைப் போடவில்லை. அந்தக் கதையில் சர் தாமஸ் என்று ஒருவர் இருந்தார், அவர் கை முறிந்தது, மறுநாள் அவர் லாயத்துக்குப் போகவில்லை என்பதெல்லாம் இன்று நமக்குத் தெரிவது அத்தை அடித்துத் திருத்தியதைச் சொல்லும் அந்தக் கடிதங்களிலிருந்துதான்.